முள்ளோடை பங்க்கில் டீசல் போடுவது லாபமா?

வாரத்தில் மூன்று நாள் கடலூரிலிருந்து பாண்டிக்குக் குட்டியானையில் லோடு அடிக்கிறேன். தமிழ்நாட்டு எல்லையில் ரெட்டிச்சாவடி தாண்டி, புதுச்சேரியின் முள்ளோடைக்குள் நுழைந்ததும் வரிசையாக வரும் பங்க்குகளில் ஒன்றில்தான் மூன்று வருடமாக டீசல் போடுகிறேன். எந்த பங்க் என்று பெயர் சொல்லப்போவதில்லை, அந்தச் சாலையில் எல்லாவற்றிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் விலை. கடலூரை விட டீசலில் ஆறேழு ரூபாய் குறைவு, பெட்ரோலில் ஐந்தாறு. 30 லிட்டர் நிரப்பினால் கையில் 180 ரூபாய்க்குக் குறையாமல் நிற்கும், எனக்கு அது ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. ஆனால் இதற்காக மட்டும் கடலூரிலிருந்து பைக்கில் கிளம்பி வராதீர்கள். ஐந்து லிட்டருக்கு முப்பது ரூபாய் மிச்சம் பிடித்து, போக வர எரியும் பெட்ரோலிலேயே அதைத் தொலைத்துவிடுவீர்கள். பாண்டியில் வேலை இருந்தால் சரி, திரும்பும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை பங்க் ஏன் இங்கே வந்து நிற்கின்றன என்றால், வரிதான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோலையும் டீசலையும் அதற்குள் கொண்டுவரவில்லை, அந்தந்த அரசு வாட் என்ற தன் விற்பனை வரியைப் போட்டுக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்த பிறகும் பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாய் என்று இருந்தது. புதுச்சேரியில் 2025 ஜனவரியில் வாட்டை ஏற்றியதில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் போல் கூடியது, அப்படியும் வித்தியாசம் முழுசாகப் போகவில்லை. பங்க்காரருக்கோ லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன், அது இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதில்தான் அவர் பிழைப்பு இருக்கிறது. கடலூர் வண்டியெல்லாம் நின்று போகிற எல்லையை விட நல்ல இடம் அவருக்கு வேறு எது? பங்க் வந்ததும் பக்கத்திலேயே டீக்கடை, பஞ்சர் கடை, இளநீர் வண்டி. கேரளத்துக்கு நடுவில் இருக்கும் புதுச்சேரிப் பகுதியான மாஹேயிலும் இதே கதைதான், கேரளத்து வண்டிகள் அங்கே வரிசையில் நிற்கும்.

ஒரு காலத்தில் டிவி, ஃபிரிட்ஜ் வாங்கக்கூட பாண்டிக்குப் போவார்கள். ஜிஎஸ்டி வந்து வரி எல்லா ஊரிலும் ஒன்றானதும் அந்தக் காரணம் போய்விட்டது, எங்கள் தெருவில் யாரும் இப்போது அதற்காகப் போவதில்லை.

சர்வீஸ் விஷயத்துக்கு வருகிறேன். காலை ஷிப்டில் ஒரு பெண் நிற்கிறார், ஒரு நாளும் தவறாமல் "அண்ணா, ஜீரோ பாருங்க" என்று மீட்டரைக் காட்டிவிட்டுத்தான் நாசிலை எடுப்பார். போன மாதம் அளவில் சந்தேகம் வந்து, அஞ்சு லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் முத்திரை போட்ட கேனை எடுத்து வந்து பிடித்தார்கள், கோட்டில் சரியாக நின்றது. இப்படிக் கேட்பது நம் உரிமை, எந்த பங்க்கிலும் கேட்கலாம், கூச்சப்படாதீர்கள்.

குறை என்றால், காத்து அடிக்கும் மெஷின் பாதி நாள் வேலை செய்வதில்லை. ஞாயிறு சாயங்காலம் பாண்டி பார்த்துவிட்டுத் திரும்பும் கார்கள் ரோடு வரைக்கும் நிற்கும், அரை மணி நேரம் போய்விடும். கழிவறையை லாரிக்காரர்களுக்காகவாவது சுத்தமாக வைக்கலாம். இரவெல்லாம் ஓட்டி வருகிறவர்களால்தானே இங்கே வியாபாரம்?

ஒன்று மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரெட்டிச்சாவடிப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் பங்க்கில் என் பக்கத்து வீட்டு மாமா வேலை பார்க்கிறார். அதே டீசல்தான், சில கிலோமீட்டர்தான் தள்ளி. நான் தாண்டும்போது பல நாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் அவர் முதலாளியும் என்ன தப்பு செய்தார்கள்? எல்லையோர ஊர்களுக்காவது இரண்டு அரசும் உட்கார்ந்து பேசி வித்தியாசத்தைக் குறைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. காலை ஏழு மணிக்கு முன் போனால் வரிசை இருக்காது. அவசரத்துக்கு ரெட்டிச்சாவடியில் மாமாவிடம் அஞ்சு லிட்டர் போட்டுக்கொள்கிறேன்.