சால்ஸ்பர்க்கா, பிராகா, வெனிஸா? மியூனிக்கிலிருந்து ஏழு பேர் கிளம்பினால்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் சமையலறையில் யாராவது ஒருவர் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "ஐரோப்பாவுக்கு வந்துட்டு ரூம்லயே கிடக்கணுமா?" என்று ஆரம்பிப்பார். அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவுக்குப் புதுப் பெயர் வந்துவிடும், அதற்குள் மூன்று கட்சிகளும் வந்துவிடும். மியூனிக்கில் நான் பழகிய தமிழ்ப் பிள்ளைகள் வட்டத்தில் அந்த மூன்று கட்சிகள் மாறியதே இல்லை: சால்ஸ்பர்க், பிராக், வெனிஸ். ஒரே கோடை செமஸ்டரில் மூன்றுக்கும் அதே ஏழு பேர் போய் வந்தோம். அதனால் எனக்குத் தீர்ப்பு சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மாணவர் விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்கூட்டியே பூட்டி வைக்கிற பிளாக்டு அக்கவுன்டில் போட்ட 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகக் கைக்கு வருகிறது. வாடகையும் இன்சூரன்ஸும் போக மிஞ்சுவதில்தான் ஊர் சுற்ற வேண்டும். அதனால் எல்லோரும் முதலில் பார்ப்பது டிக்கெட் விலை. நானும் அப்படித்தான் பார்த்தேன். மூன்று பயணம் முடிந்த பிறகு நான் முதலில் கேட்கிற கேள்வி வேறு: ராத்திரி எங்கே தூங்கப் போகிறோம்? சால்ஸ்பர்க் என்றால் நம் கட்டிலில். பிராக் என்றால் ஹாஸ்டல் அடுக்குக் கட்டிலில். வெனிஸுக்கு நாங்கள் போன விதத்தில் பஸ் சீட்டில், அதுவும் இரண்டு ராத்திரி. செலவு, சண்டை, திங்கட்கிழமை வகுப்பில் முகம் இருக்கிற லட்சணம் எல்லாமே இதை வைத்துத்தான் அமைந்தன.

சால்ஸ்பர்க்: போய்விட்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம்

ஜெர்மனி முழுக்க உள்ளூர் பஸ்ஸிலும் ரீஜனல் ரயிலிலும் செல்கிற மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025இல் 58, 2026இல் 63 என்று ஏறிவிட்டது. மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தில் படிக்கிறவர்களுக்குச் சலுகை விலை உண்டு. கல்லூரிக்குப் போக வர இதைத்தான் வைத்திருப்போம். ஆனால் ஆஸ்திரியாவுக்குள் இருக்கிற சால்ஸ்பர்க் மெயின் ஸ்டேஷன் வரைக்கும் இது செல்லும் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரீஜனல் ரயிலில் மட்டும்தான் ஏற வேண்டும், வேக ரயிலில் ஏறினால் அபராதம். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அந்த டிக்கெட் இல்லாதவர்களுக்கு பவேரியா மாநிலத்தின் பயர்ன் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். டிக்கெட்டில் எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். எங்களில் நாலு பேரிடம் மாத டிக்கெட் இருந்தது, மூன்று பேர் பயர்ன் டிக்கெட்டைப் பங்கு போட்டார்கள். ஏழு பேர் என்பது இங்கே மட்டும்தான் பாரமாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ரோசன்ஹைமில் சில ரயில்கள் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி சால்ஸ்பர்க், மறுபாதி குஃப்ஸ்டைன். பெட்டியின் பலகையில் போட்டிருப்பார்கள், அறிவிப்பும் வரும், ஜெர்மனில். எங்களில் இரண்டு பேர் ஜன்னலோரம் தேடிப் பின்பெட்டிக்குப் போய் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு குஃப்ஸ்டைனில் போய் இறங்கினார்கள். "மச்சான், இங்க மொசார்ட் வீடு எங்கடா இருக்கு?" என்று போன் வந்தது. நல்லவேளை, மாத டிக்கெட் குஃப்ஸ்டைன் வரைக்கும் செல்லும். இரண்டு மணி நேரம் தாமதமாக, யாரும் கேட்காமலே அந்த ஊர்க் கோட்டையின் நாற்பது போட்டோக்களோடு வந்து சேர்ந்தார்கள்.

ஊர் கையடக்கமானது. 1077இல் கட்டத் தொடங்கிய ஹோஹன்சால்ஸ்பர்க் கோட்டை தலைக்கு மேலே எங்கிருந்து பார்த்தாலும் தெரிவதால் வழி தவறவே முடியாது. கெட்ரைடகாஸ 9ஆம் எண் மஞ்சள் வீட்டில்தான் 1756இல் மொசார்ட் பிறந்தார். வாசலில் நின்று போட்டோ எடுக்கக் காசில்லை, உள்ளே போகத்தான் டிக்கெட். மிராபெல் தோட்டமும் இலவசம். எங்களுக்குப் பிடித்தது ஆற்றுக்கு ஸ்டேஷன் பக்கக் கரையில் இருக்கிற கபூசினர்பெர்க் குன்று. மேலே பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே கோட்டையைப் பார்த்தபடி புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். கீழே கஃபேயில் ஒரு காபி விலைக்கு அந்தப் புளிசாதத்தை ஏழு பேருக்கும் செய்திருந்தோம்.

குறையும் உண்டு. மழை. அந்த ஊர் மழைக்குத் தனிப் பெயரே இருக்கிறது, ஷ்னூர்ல்ரேகன். நூல் பிடித்த மாதிரி விடாமல் இறங்குகிற மழை என்று அர்த்தம். பிடித்துக்கொண்டால் குன்றும் இல்லை, தோட்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ஸ்டேஷனுக்குள் இருக்கிற சூப்பர்மார்க்கெட்தான் கதி. மழை இல்லாவிட்டாலும் நாலு மணிக்கெல்லாம் "அடுத்து என்ன?" என்று ஒருவன் கேட்பான்.

பிராக்: ஒரு ராத்திரி, எட்டுக் கட்டில்

மியூனிக்கில் ஹாக்கர்ப்ரூக்க பக்கத்துப் பஸ் நிலையத்திலிருந்து சுமார் ஐந்து மணி நேரம். சனிக்கிழமை விடிகாலை கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பலாம். முன்கூட்டியே எடுத்ததால் பஸ் டிக்கெட் கையைக் கடிக்கவில்லை. கடித்தது ஏடிஎம்.

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனா. ஒரு யூரோவுக்கு சுமார் 25 கொருனா. இயந்திரத்தில் கார்டைப் போட்டால், "உங்கள் கணக்கில் யூரோவாகவே பிடித்துக்கொள்ளட்டுமா?" என்று கரிசனமாகக் கேட்கும். சரி என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. வேண்டாம், கொருனாவிலேயே பிடி என்று அழுத்த வேண்டும். நாங்கள் முதல் தடவை "சரி" சொல்லி, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைத் தொலைத்தோம். பெரும்பாலான இடங்களில் கார்டே ஓடுகிறது, ஏடிஎம் பக்கமே போயிருக்க வேண்டாம்.

ஹாஸ்டலில் எட்டுக் கட்டில் அறை. நாங்கள் ஏழு பேர், எட்டாவது யாரோ ஒரு போர்ச்சுகல் பையன். பாவம். ராத்திரி பத்து மணிக்கு எங்கள் குழு இரண்டாகப் பிளந்தது. நாலு பேருக்கு வெளியே போகணும், மூன்று பேருக்குத் தூங்கணும். 2024இல் பழைய நகரப் பகுதியில் ராத்திரி 10 மணிக்கு மேல் கூட்டமாக மதுக்கடை மதுக்கடையாகக் கூட்டிப்போகிற சுற்றுலாக்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்பதால் அந்த நாலு பேர் சொந்தமாகவே சுற்றினார்கள். ராத்திரி டிராம்கள் எல்லாம் லாசார்ஸ்கா நிறுத்தத்தில் வந்து சந்திக்கும், அங்கே போனால் எந்தத் திசைக்கும் வண்டி உண்டு. அவர்கள் மூன்று மணிக்கு வந்து செல்போன் வெளிச்சத்தில் சார்ஜர் தேடினார்கள். தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி.

ஆனால் அந்தக் கோபத்தில் தூக்கம் போனதால்தான் எனக்கு இந்த மூன்று பயணத்திலும் சிறந்த ஒரு மணி நேரம் கிடைத்தது. ஐந்தரைக்கு நானும் கோயம்புத்தூர் அக்காவும் எழுந்து சார்லஸ் பாலத்துக்கு நடந்தோம். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம், அரை கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் 30 சிலைகள். பகலில் அங்கே தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது. அப்போது ஒரு குப்பை வண்டிக்காரரும் நாங்களும் மட்டும். 1683இல் வைத்த நெபோமுக் ஜான் என்ற புனிதரின் சிலைக்கு அடியில் வெண்கலப் பலகை இருக்கிறது. அவரை ஆற்றில் தள்ளுகிற காட்சி அதில். தொட்டால் மறுபடி பிராகுக்கு வருவோம் என்று நம்பி வருகிறவர்கள் எல்லாம் தடவுகிறார்கள். சுற்றிலும் கறுத்துக்கிடக்க, கை படுகிற இடம் மட்டும் தங்கமாக மின்னுகிறது, நம்மூர்க் கோயில் தூணில் எண்ணெய்க் கை பட்ட இடம் மாதிரி. அக்கா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பழக்க தோஷம் கண்ணு" என்றார்.

சைவக்காரர்களுக்கு: ஸ்மாஜெனி சீர் என்று தடித்த சீஸ் துண்டைப் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள். முதல் நாள் சூப்பர், இரண்டாம் நாள் வயிறு கேள்வி கேட்கும்.

வெனிஸ்: இரண்டு ராத்திரி பஸ் சீட்டில்

கணக்குப் போட்டுப் பார்த்தால் வெனிஸ்தான் புத்திசாலித்தனமாகத் தெரியும். வெள்ளி ராத்திரி பஸ் ஏறு, பிரென்னர் கணவாய் தாண்டி விடியும்போது இறங்கு, முழு நாள் சுற்று, சனி ராத்திரி பஸ் ஏறு. அறை வாடகையே இல்லை. இந்த யோசனையைச் சொன்ன மதுரைக்காரனை அப்போது தோளில் தட்டினோம்.

2024 ஏப்ரலிலிருந்து பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. எல்லா நாளும் அல்ல. வசந்தத்திலிருந்து கோடை வரை குறித்த சில நாட்களில், பெரும்பாலும் வார இறுதிகளில், காலை 8.30 முதல் மாலை 4 வரை. முன்பே பதிவு செய்தால் 5 யூரோ, 2025 முதல் கடைசி நேரத்தில் என்றால் 10. நாங்கள் வியாழக்கிழமை ராத்திரிதான் பஸ் டிக்கெட்டே எடுத்தோம், ஆகவே தலைக்குப் பத்து. அந்த ஊரில் ராத்திரி தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. தீவுக்கு எதிரே நிலப்பக்கம் இருக்கிற மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள்தான் வருகிறது. அங்கே கட்டில் எடுத்தால் கட்டணமில்லை, இணையத்தில் விலக்குப் பதிவு மட்டும் செய்ய வேண்டும். ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவுக்குள் போகலாம்.

படகு பஸ் ஒரு தடவைக்கு 9.50 யூரோ, ஆகவே நடந்தோம். ஏழு பேர் ஒற்றை வரிசையில் சந்துக்குள் நடந்தால் கடைசி ஆள் எந்த வளைவில் காணாமல் போனார் என்று தெரியாது. ஜிபிஎஸ் புள்ளி சுவரைத் தாண்டிக் கால்வாயில் நிற்கும். பெரிய கால்வாயைக் கடக்க 2 யூரோவுக்கு டிரகெட்டோ என்ற படகு உண்டு, கொண்டோலா ஆசையை அதில் தீர்த்துக்கொண்டோம். சான் மார்கோ சதுக்கப் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம், எலுமிச்சை சாத டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கோடி சாந்தெலேனா பூங்கா வரை நடந்தோம். ஊர் அழகில்லையா என்றால், ஐயோ, அழகு. மூன்று மணிக்கு மேல் அதைப் பார்க்க எங்களிடம் கண் இல்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது விடிகாலை நாலு மணிக்கு ஜெர்மன் எல்லையில் பஸ்ஸை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். ஆஸ்திரிய எல்லையில் 2015இலிருந்தே சோதனை இருக்கிறது; 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியின் எல்லா நில எல்லைகளிலும். ஒருவனிடம் ரெசிடென்ஸ் கார்டு இருந்தது, பாஸ்போர்ட்டின் போட்டோ மட்டும் போனில். அரை மணி நேரம் பஸ் நின்றது. ஐம்பது பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், நாங்கள் ஆறு பேர் வேறு பக்கம் பார்த்தோம். இந்த மூன்று ஊரில் எங்கே போனாலும் பாஸ்போர்ட்டும் கார்டும் பையில் இருக்கட்டும். அரசுக் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பின்பக்கம்தான் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் செல்கிற மருத்துவ அட்டை.

யார் எங்கே போகலாம்

ஆறேழு பேர், ஒருவரையொருவர் இன்னும் சரியாகத் தெரியாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சால்ஸ்பர்க். சண்டை வந்தாலும் ராத்திரி அவரவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பிராகுக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம். போகிறவர்கள் ஒரே நேரத்தில் தூங்குகிற ஜாதியாக இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான், மூன்றில் நான் திரும்பிப் போக ஆசைப்படுகிற ஊர் அது. வெனிஸுக்கு இரண்டு மூன்று பேராக, மெஸ்த்ரேயில் ஒரு கட்டிலோடு, ஜனவரி மாதிரிக் கட்டணம் இல்லாத குளிர் நாளில் போங்கள். ராத்திரி பஸ்ஸில் மிச்சப்படுத்தியதை நாங்கள் ஞாயிறு முழுக்கத் தூங்கியே தீர்த்தோம்.

அடுத்த சனிக்கிழமைக்குக் குழுவில் வாக்கெடுப்பு ஓடுகிறது. அந்த இரண்டு பேர் நாலாவதாக ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், குஃப்ஸ்டைன். இந்த நிமிடம் வரை அதற்கு ஐந்து ஓட்டு.