வெண்டிங் மெஷின்: பேக்கேஜா, டீலரா, செகண்ட் ஹேண்டா?

சிப்ஸ், கூல் டிரிங்க்ஸ் போடும் வெண்டிங் மெஷின் வைத்துப் பிழைக்கலாம் என்று இறங்குபவருக்கு மூன்று வழி. "மெஷினும் நாங்களே, இடமும் நாங்களே" என்னும் பேக்கேஜ்காரர் ஒன்று. டீலரிடம் புது மெஷின் இன்னொன்று. யாரோ தொழிலை விட்டுவிட்டு விற்கும் பழைய மெஷின் மூன்றாவது. விலையை அப்புறம் பார்க்கலாம். பணம் கொடுக்கும் முன் எவ்வளவை நம் கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கில் பேக்கேஜ் முதல் சுற்றிலேயே அவுட். நமக்குக் காட்டுவது ஒரு பி.டி.எஃப்., அதில் மாத வருமானம் என்று ஒரு தொகை. "ஐ.டி. பார்க்கில் இடம் ரெடி" என்பார்கள். எந்தக் கட்டடம், வாடகை எவ்வளவு, கரண்ட் பில் யார் தலையில் என்று கேட்டால், அட்வான்ஸ் போட்ட பிறகு சொல்கிறோம் என்று பதில் வரும். அங்கேயே எழுந்துவிடலாம்.

அமெரிக்காவில் இது பழைய வியாதி. அங்கே வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதிப்படி, 2012 முதல், இப்படித் தொழில் வாய்ப்பு விற்பவர் கையெழுத்தோ பணமோ வாங்குவதற்குக் குறைந்தது 7 நாள் முன்பு ஒரு விவரத் தாள் கொடுத்தாக வேண்டும். தன் மேல் உள்ள வழக்குகள், பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை, ஏற்கனவே வாங்கியவர்களின் தொடர்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். நம்மூரில் அப்படிக் கட்டாயம் இல்லை, ஆனால் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: அவர்கள் தரும் நம்பரில் பேசும் "திருப்தியான வாடிக்கையாளர்" அவர்கள் ஆளாகவே இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் ஒன்றின் அருகே நின்று, சரக்கு நிரப்ப வரும் பையனிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த வரிசை காலியாகிறது, எது தூசி படிகிறது என்று அவனுக்குத்தான் தெரியும்.

டீலரிடம் சரிபார்ப்பது எளிது. ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம், தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். போர்ட்டலில் போட்டால் பெயரும் பதிவு தேதியும் வரும். "பத்து வருட அனுபவம்" பேசுபவரின் பதிவு போன மார்ச் மாதம் என்றால் ஏன் என்று கேளுங்கள். பணம் கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும், யாருடைய சொந்த ஜிபேக்கும் வேண்டாம்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டெமோவில் மெஷினில் வரும் கியூஆரை ஸ்கேன் செய்து, உங்கள் போனில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். விற்பவரின் பெயர் வந்தால், நாளை உங்கள் கல்லாவும் அவர் கையில்தான். வசூல் முதலில் அவருக்குப் போய், அவர் மனது வைத்தால் உங்களுக்கு வரும். சாஃப்ட்வேரும் அவர் சர்வரிலேயே ஓடினால், அவர் கடையை மூடும் அன்று உங்கள் மெஷின் வெறும் பீரோ. பில்லும் உங்கள் பெயரில் இருக்கட்டும், நாளை நுகர்வோர் புகார் கொடுக்க உதவும். வணிகத்துக்கு வாங்குபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதாது, ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்குபவருக்கு விலக்கு உண்டு.

பழைய மெஷினில் ஆன்லைன் ஆபத்து தெரிந்ததே: பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் கிடையாது, பணம் வாங்க பின் நம்பர் போடத் தேவையில்லை. மாட்டிக்கொண்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. ஆனாலும் முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது பழைய மெஷினைத்தான். ஒரு மெக்கானிக்கோடு போனால் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அம்பத்தூரில் ஒன்றைப் பார்க்கப் போனேன். லைட் பளிச், ஸ்பிரிங் அழகாகச் சுற்றியது, விழுந்த பாட்டில் சில்லென்று இருந்தது. கீழே டீக்கடையில் குளிர வைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்து உள்ளே வைத்து, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். எடுத்தால் அதே வெதுவெதுப்பு. வீட்டு ஃபிரிட்ஜில் குளிர வைத்த பாட்டில்களை எனக்காக அடுக்கி வைத்திருக்கிறார் மனிதர். கம்ப்ரெஸர் செலவைக் கழித்துக்கொண்டு விலை கேட்டேன், முகம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அதே விளம்பரம், அதே போட்டோ, விலை மட்டும் இரண்டாயிரம் கூடுதல்.