எச்.டி.எச்.பி. பிளானும் எச்.எஸ்.ஏ. கணக்கும்: முதல் ஜனவரியைத் தாண்டுவது எப்படி

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ ஓபன் என்ரோல்மென்ட் (அடுத்த வருட மருத்துவ இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் காலம்) மெயில் வந்துவிடும். பெரும்பாலான கம்பெனிகளில் போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: விசிட்டுக்குக் கோ-பே என்கிற சிறு தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடக்கூடிய பி.பி.ஓ. பிளான் ஒரு பக்கம், டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) பெரிதாக உள்ள எச்.டி.எச்.பி. பிளான் இன்னொரு பக்கம். இரண்டாவதை எடுத்தால்தான் எச்.எஸ்.ஏ. என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடலாம். பல வருடம் தொடர்ந்து பயன்படுத்தும்போது ஒன்று புரிந்துவிடுகிறது. இந்தப் பிளான் கையைக் கடிப்பது முதல் வருடம் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். அப்போது கணக்கில் பணம் சேர்ந்திருக்காது, டிடக்டிபிளும் முழுசாக அப்படியே நிற்கும். அந்த நாலு மாதத்துக்கு வழி செய்துகொண்டு வருபவர்களுக்கு இது நல்ல பிளான். செய்யாமல் வருபவர்கள்தான் அடுத்த நவம்பரில் பி.பி.ஓ.வுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

தேர்ந்தெடுக்கும்போது போட வேண்டிய கணக்கு

டிடக்டிபிளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒரு வருடப் பிரீமியம், அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம் (சிகிச்சைக்கு ஒரு வருடத்தில் நம் கையிலிருந்து போகும் தொகையின் உச்சவரம்பு), கம்பெனி எச்.எஸ்.ஏ.வில் போடும் தொகை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுத வேண்டும். நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். பி.பி.ஓ.வுக்கு சம்பளத்தில் மாதம் 520 டாலர் பிடித்தம், டிடக்டிபிள் 1,000, அதற்கு மேல் வரும் பில்லில் நம் பங்கு 20 சதவீதம், உச்சவரம்பு 7,000. எச்.டி.எச்.பி.க்கு மாதம் 260, டிடக்டிபிள் 3,400 (2026-இல் குடும்பப் பிளானுக்குச் சட்டப்படி இதுதான் குறைந்தபட்சம்), அதற்கு மேல் 20 சதவீதம், உச்சவரம்பு 8,000, கம்பெனி தருவது 1,500.

யாருக்கும் எதுவும் வராத வருடத்தில் பி.பி.ஓ. 6,240 டாலர் வாங்கிக்கொள்ளும். எச்.டி.எச்.பி.யில் கம்பெனி தந்ததைக் கழித்தால் 1,620. மொத்த பில் 5,000 வருகிற நடுத்தர வருடத்தில் 8,040-க்கு எதிரே 5,340. பெரிய ஆபரேஷன் வந்து உச்சவரம்பைத் தொட்டுவிட்ட வருடத்தில் 13,240-க்கு எதிரே 9,620. அதாவது நோய் அதிகம் உள்ளவர்களுக்கு பி.பி.ஓ.தான் என்ற பேச்சு இந்த எண்களில் நிற்கவில்லை. ஆனால் பிரீமியம் வித்தியாசம் மாதம் 60 டாலர்தான், கம்பெனியும் ஒன்றும் போடுவதில்லை என்றால் கணக்கு தலைகீழாகிவிடும்; அங்கே பி.பி.ஓ. எடுப்பதே சரி. உங்கள் கம்பெனியின் எண்களைப் போட்டுப் பார்க்காமல் நண்பர் சொன்னார் என்று எடுக்காதீர்கள்.

எஸ்.பி.சி. என்கிற பிளான் சுருக்கத்தின் முதல் பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள். குடும்ப டிடக்டிபிள் மொத்தமாகக் கழிய வேண்டுமா, அல்லது ஒரு ஆளுக்குத் தனி வரம்பு உண்டா? மொத்தமாக என்றால், ஒரே குழந்தைக்கு வந்த செலவாக இருந்தாலும் குடும்பத் தொகை முழுவதும் கழிந்த பிறகுதான் இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும்.

பிரசவம் எதிர்பார்க்கும் வீட்டில் இது முக்கியம். தாய்க்கு ஒரு பில், குழந்தைக்குத் தனி பில் வரும். எந்தப் பிளானிலும் செலவு உச்சவரம்பை நோக்கிப் போகக்கூடும் என்பதால், மேலே சொன்ன மோசமான வருடக் கணக்கைத்தான் ஒப்பிட வேண்டும். டிசம்பர் கடைசியில் பிரசவம் என்றால் ஜனவரியில் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குழந்தையைப் பிளானில் சேர்க்க கம்பெனிப் பிளான்களில் வழக்கமான கெடு 30 நாள். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள்.

கவுன்ட்டரில் நடப்பது

குழந்தைக்குக் காய்ச்சல், அர்ஜன்ட் கேர் போகிறீர்கள். பி.பி.ஓ. என்றால் 50 டாலர் கோ-பேயோடு முடிந்துவிடும். எச்.டி.எச்.பி.யில் கார்டைக் காட்டிவிட்டு வந்தபின் சில வாரத்தில் இ.ஓ.பி. (இன்ஷூரன்ஸ் அனுப்பும் கணக்கு விவரம்) வரும். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: கிளினிக் போட்ட தொகை 385, இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட விலை 162, இன்ஷூரன்ஸ் கொடுத்தது 0, நீங்கள் கொடுக்க வேண்டியது 162. கடைசி எண்தான் உங்களுடையது. கவுன்ட்டரிலேயே முழுத் தொகையைக் கேட்டால், முதலில் இன்ஷூரன்ஸுக்கு க்ளெய்ம் போகட்டும், இ.ஓ.பி. வந்ததும் கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். முன்கூட்டியே கட்டிவிட்டு மிச்சத்தைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் போன் செய்ய வேண்டியிருக்கும். கிளினிக் அனுப்பும் பில்லும் இ.ஓ.பி.யும் ஒத்துப்போகும் வரை பணம் கட்டாதீர்கள்.

வருடாந்திரச் செக்-அப்பும் தடுப்பூசியும் டிடக்டிபிளுக்கு முன்பே இலவசம். அந்த விசிட்டிலேயே, ரொம்ப நாளாக முதுகு வலிக்கிறது என்று சொல்லி டாக்டர் அதைத் தனியாகப் பரிசோதித்தால், பில்லில் செக்-அப் குறியீட்டுக்குப் பக்கத்தில் 99213 போன்ற இன்னொரு குறியீடு ஏறும். அதற்குத் தனி பில். வலியைச் சொல்லாமல் மறைக்க வேண்டாம். ஆனால் எதற்கு இந்தப் பணம் என்று பிறகு திகைக்கவும் வேண்டாம்.

மருந்துக் கடையில்தான் ஜனவரி அதிர்ச்சி பலமாக இருக்கும். டிசம்பரில் 30 டாலருக்கு வாங்கிய மாத்திரைக்கு ஜனவரியில் முழு விலை. சர்க்கரை, ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களுக்கான சில மருந்துகளை டிடக்டிபிளுக்கு முன்பே தர அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 2019-லிருந்து அனுமதிக்கிறது. ஆனால் உங்கள் பிளான் அதை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று மருந்துப் பட்டியலில் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த ஊசி மருந்துக்குத் தயாரிப்பாளரின் கூப்பன் பயன்படுத்துபவர்கள் மிகவும் கவனமாக இருங்கள். எச்.டி.எச்.பி.யில் நீங்கள் உண்மையில் கொடுத்த தொகைதான் டிடக்டிபிளில் கழியும். கூப்பன் கொடுத்தது கழியாது. கூப்பன் தீர்ந்த மாதத்தில் முழு விலையும் உங்கள் தலையில் விழும்.

காசு போகுமே என்று குழந்தையின் மூச்சுத்திணறலையும் நெஞ்சுவலியையும் தள்ளிப்போடும் வீடுகள் இருக்கின்றன. இந்தப் பிளானின் நிஜமான ஆபத்து அதுதான். வங்கியில் டிடக்டிபிள் அளவுக்காவது பணம் தனியாக இல்லையென்றால், கணக்கு எவ்வளவு லாபம் காட்டினாலும் இந்த வருடம் பி.பி.ஓ.விலேயே இருங்கள்.

எச்.எஸ்.ஏ.வை நடத்துவது

2026-க்கான வரம்பு தனி ஆளுக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750 டாலர். 55 வயதானவர்கள் 1,000 கூடுதலாகப் போடலாம். கம்பெனி போடுவதும் இதற்குள் அடங்கும். சம்பளப் பிடித்தம் வழியாகப் போட்டால் வருமான வரியோடு 7.65 சதவீத சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் மிச்சம். மேலே சொன்ன குடும்பம் தன் பங்காக 7,250 போட்டால், 22 சதவீத வரிப் படியில் 2,150 டாலர் வரை வரி குறையும். வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பினால் அந்த 7.65 கிடைக்காது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி மாநில வரியில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கணக்கில் வரும் வட்டியும் டிவிடெண்டும் ஒவ்வொரு வருடமும் மாநில வரிக்கு வரும்.

முதல் ஜனவரிக்கான வழி இதுதான்: பிடித்தத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பிரிக்காமல், முதல் மூன்று நாலு மாதத்தில் கனமாக வையுங்கள். எச்.எஸ்.ஏ. பிடித்தத்தை வருட நடுவில் மாற்றிக்கொள்ளலாம். கணக்கை ஜனவரி முதல் வாரத்திலேயே திறந்து சிறு தொகையாவது போட்டுவிடுங்கள். கணக்கு திறந்த தேதிக்கு முன் நடந்த செலவை அதிலிருந்து ஒருபோதும் எடுக்க முடியாது.

எடுப்பதற்குக் கெடு இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம். இன்றைய பல் வைத்தியச் செலவைக் கையிலிருந்து கட்டிவிட்டு, பதினைந்து வருடம் கழித்துக்கூட எச்.எஸ்.ஏ.விலிருந்து வரியில்லாமல் எடுக்கலாம். அதற்கு ரசீது வேண்டும். கார்டு தேய்த்த சீட்டு போதாது. தேதி, நோயாளி பெயர், என்ன சிகிச்சை, எவ்வளவு தொகை என்ற நாலும் இருக்க வேண்டும். மருந்துக் கடை ரசீது ஓரிரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து தேதியில் தொடங்கும் பெயரில் சேமித்துவிடுங்கள். கணக்கில் ஒரு டிடக்டிபிள் அளவுக்கு ரொக்கமாக வைத்துக்கொண்டு மீதியை இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவது எங்கள் பரிந்துரை.

கம்பெனி தேர்ந்தெடுத்த நிர்வாகி மாதக் கட்டணம் பிடித்தால், சம்பளப் பிடித்தத்தை அங்கேயே விட்டுவிட்டு, வருடம் ஒருமுறை வேறு நிறுவனத்துக்கு நேரடி டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். காசோலையாக உங்கள் கைக்கு வாங்கினால் 60 நாள் கெடு, 12 மாதத்துக்கு ஒருமுறை என்ற கட்டுப்பாடு எல்லாம் வந்துவிடும்.

கணவன் எச்.டி.எச்.பி.யில் இருக்க, மனைவி தன் கம்பெனியில் சாதாரண எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் இன்னொரு வகைக் கணக்கு) எடுத்திருந்தால் கணவன் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதியை இழப்பார். நம்மவர்கள் வீடுகளில் இருவரும் வேலைக்குப் போவதால் இது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான லிமிடெட் எஃப்.எஸ்.ஏ. பரவாயில்லை. வரம்புக்கு மேலோ தகுதியில்லாமலோ போட்டதை வரி தாக்கல் கெடுவுக்குள், அதன் வருவாயோடு சேர்த்து வெளியே எடுக்காவிட்டால் அது கணக்கில் இருக்கும் வரை வருடம் 6 சதவீத அபராதம். வருட நடுவில் பிளானில் சேர்ந்தவர்கள் தகுதி உள்ள மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்டுப் போடுவது பாதுகாப்பு. டிசம்பர் 1-இல் தகுதி இருந்தால் முழு வரம்பையும் போடலாம்தான். ஆனால் அடுத்த வருடம் டிசம்பர் 31 வரை அதே தகுதியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அதிகப்படிக்கு வரியும் அதன் மேல் 10 சதவீதமும் கட்ட வேண்டும். வேலை மாறும் எண்ணம் உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம்.

ஊரில் உள்ள பெற்றோர், விடுமுறைச் சிகிச்சை

சென்னைக்கு விடுமுறையில் போய் ரூட் கெனால் செய்துகொண்டால் அது தகுதியான செலவுதான். உங்களுக்கோ மனைவிக்கோ வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்த பிள்ளைகளுக்கோ என்றால் கொடுத்த அன்றைய மாற்று விகிதத்தில் டாலராக்கி எடுத்துக்கொள்ளலாம். விமான டிக்கெட் சேராது. இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களான பெற்றோரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எச்.எஸ்.ஏ.விலிருந்து எடுக்க முடியாது. வரிச் சட்டப்படி அவர்கள் சார்ந்தவர்களாக வரமாட்டார்கள். மகனாகச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள், அதற்கு இந்தக் கணக்கைத் தொடாதீர்கள். 65 வயதுக்கு முன் தகுதியில்லாச் செலவுக்கு எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதம். கிரீன் கார்டு பெற்று உங்களோடு இருந்து, பாதிக்கு மேல் உங்கள் ஆதரவில் வாழும் பெற்றோர் என்றால் எடுக்கலாம், அவர்கள் உங்கள் பிளானில் இல்லாவிட்டாலும்கூட.

வரி தாக்கல் செய்யும்போது படிவம் 8889 கட்டாயம். கம்பெனி தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தின் 12-வது கட்டத்தில் டபிள்யூ குறியீட்டுக்கு எதிரே உள்ள எண்ணில் கம்பெனி போட்டதும் உங்கள் சம்பளப் பிடித்தமும் சேர்ந்தே இருக்கும். அதே பிடித்தத்தை ‘நான் போட்டது’ என்று மறுபடி உள்ளிட்டால், மென்பொருள் வரம்பு மீறல் என்று காட்டும் அல்லது இரட்டைக் கழிவு கொடுத்துவிடும்.

கணக்கில் நாமினி பெயரையும் அன்றைக்கே சேருங்கள். துணைவர் பெயர் இருந்தால் அது அவருடைய எச்.எஸ்.ஏ.வாகவே தொடரும். வேறு யார் பெயரானாலும் கணக்கு அத்தோடு முடிந்து, தொகை அந்த வருடத்து வருமானமாகிவிடும்.