பள்ளிக்கூடத்து இலவச சைக்கிள்: பத்து மாதம் ஓட்டிய பிறகு

அக்கா மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கிடைத்த சைக்கிள். ஓட்டுவது அவள், ரிப்பேர் பார்ப்பது நான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வந்த கையோடு ஏறி மிதித்துவிடாதீர்கள். லாரியில் மொத்தமாக இறக்கி அவசர அவசரமாக மாட்டிக் கொடுக்கிறார்கள் போல, எங்களுடையதில் ஹேண்டில்பார் ஆடியது, பின்சக்கரம் கோட்டம், பிரேக் கட்டை ரிம்மைத் தொடவே இல்லை. கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, நட்டெல்லாம் முறுக்கி வாங்க 350 ரூபாய் ஆயிற்று. பெல் மூன்றாவது வாரமே ஊமை. சீட் கல்தான், "பழகிடுச்சு மாமா" என்கிறாள்.

ஆனால் ஃபிரேம் கெட்டி. முன்கூடையில் இரண்டு பை, கேரியரில் பக்கத்துத் தெருப் பெண், ஏரிக்கரை மேட்டில் மட்டும் இருவரும் இறங்கித் தள்ளுவார்கள். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளி 6 கிலோமீட்டர், காலையில் ஒரே பஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடிவதற்குள் அதுவும் போய்விடும். பத்தாவது ரிசல்ட் வந்த வாரமே ஒரு மாப்பிள்ளை போட்டோ வீட்டுக்கு வந்துவிட்டது. "சேர்த்துவிடு, சைக்கிள் வரும், அதுவரை நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைத்ததே இந்தச் சைக்கிளால்தான். துணைக்கு இன்னொரு பெண்ணும் வருகிறாள் என்றதும் அக்காவும் மறுபேச்சுப் பேசவில்லை.

என் குறை வேறு. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று ஆரம்பித்து 2005-06இல் எல்லோருக்கும் விரிந்த திட்டம் இது, இன்னமும் பதினொன்றாம் வகுப்பில்தான் கொடுக்கிறார்கள். எங்களைப் போன்ற ஊரில் எட்டாவதோடு உள்ளூர்ப் பள்ளி முடிந்துவிடுகிறது, தூரம் ஆரம்பிப்பதே ஒன்பதில்தான், நிற்கிறவள் அங்கேயே நின்றுவிடுகிறாளே! பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாக ஆய்வு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், அதிலும் பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நாம் அதற்கு முன்பே ஆரம்பித்தவர்கள், வகுப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினால் என்ன?

சரி, சைக்கிளுக்கு ஐந்துக்கு மூன்று. பெல் மட்டும் புதிதாக வாங்கி மாட்டிவிடுங்கள், எங்கள் ரோட்டில் ஆடு நிறைய.