ரேடியேட்டர் ஃபேனுக்குக் கைச்சுவிட்சா, புதிய தெர்மல் சுவிட்சா?

எஞ்சினைக் குளிர்விக்கக் கூலன்ட் என்ற திரவம் ஓடும் பைக் நெரிசலில் கொதித்து, ரேடியேட்டர் ஃபேன் சுழலாமல் நின்றுவிட்டால் பட்டறையில் இரண்டு வழிகள் சொல்வார்கள். ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச் பொருத்தி, வேண்டும்போது நாமே ஃபேனை ஓட்டிக்கொள்வது ஒரு வழி. பழுதான தெர்மல் சுவிட்சை மாற்றி, பழையபடி தானாக ஓட வைப்பது இன்னொரு வழி. கத்திரி வெயில் நாட்களில் என் 200 சிசி வண்டிக்கு இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. நான் தெர்மல் சுவிட்சை மாற்றினேன். கைச்சுவிட்ச் பொருத்திய நண்பரின் வண்டியையும் அடிக்கடி ஓட்டுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களைக் கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

எந்த வழியில் போவதானாலும், பழுது எங்கே என்று பார்க்காமல் காசைச் செலவழிக்கக் கூடாது. ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மல் சுவிட்ச் கூலன்ட் குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் மூடிக்கொண்டு ஃபேனுக்கு மின்சாரம் போக வழிவிடும். சூடு சில டிகிரி இறங்கியதும் திறந்துகொள்ளும். பல வண்டிகளில் இது 100 டிகிரி செல்சியஸை ஒட்டி நடக்கும். இத்தகைய வண்டியில் சோதனை எளிது. சாவியைத் திருப்பி வைத்து, சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயர்களையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். ஒற்றை ஒயர் மட்டுமே இருந்தால் அதை எஞ்சினின் உலோகப் பகுதியில் தொட வைக்க வேண்டும். ஃபேன் ஓடினால் ஃபேன், ஃப்யூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஒயரிங் எல்லாம் நலம். ஓடாவிட்டால் ஃப்யூஸைப் பார்த்துவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஃபேனுக்கு 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மழைநீர் புகுந்து பேரிங் இறுகியிருக்கலாம். அப்போது எந்தச் சுவிட்சாலும் பயனில்லை.

ஃபேன் நலமாக இருந்து, தானாக மட்டும் ஓடவில்லை என்ற நிலையில்தான் இந்த ஒப்பீடே தொடங்குகிறது.

கைச்சுவிட்சின் பக்கம் நியாயம் உண்டு. எந்த ஊரிலும் எலெக்ட்ரிகல் கடையில் சுவிட்சும் ஒயரும் கிடைக்கும். அரை மணி நேர வேலை. கூலன்டை வடிக்க வேண்டியதில்லை. சிக்னலில் நீண்ட வரிசையைப் பார்த்ததுமே, சூடு ஏறும் முன்பே ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம். ஓயாமல் ஃபேன் ஓடினால் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்று சிலர் அச்சுறுத்துவார்கள். அந்த அச்சம் வேண்டாம். கூலன்ட் போதிய சூட்டை எட்டும்வரை தெர்மோஸ்டாட் என்ற வால்வு அதை ரேடியேட்டர் பக்கமே விடாது. கீழ் வரம்பைக் காப்பது அதன் வேலை.

மறந்துவிடும் ஆபத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தம்பி வண்டியை எடுத்துப் போகிறான், அவனுக்குச் சுவிட்ச் இருப்பதே தெரியாது. வீட்டுக்கு வீடு நடப்பதுதான். அதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று.

ஃபேன் ஓடவில்லை என்பது எப்போதும் ஃபேனின் நோயாக இருப்பதில்லை. தெர்மல் சுவிட்ச் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அது ரேடியேட்டரில் இருக்கிறது. அங்கே வந்து சேரும் கூலன்டின் சூட்டைத்தான் அதனால் உணர முடியும். சூட்டு முள்ளுக்கான சென்சாரோ பெரும்பாலும் எஞ்சின் பக்கம் இருக்கிறது. இப்போது தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்குள் கூலன்ட் கொதிக்கிறது, முள் சிவப்பைத் தொடுகிறது. ஆனால் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கு வரவே இல்லை. ரேடியேட்டர் வெதுவெதுப்பாகக்கூட இல்லாதபோது தெர்மல் சுவிட்ச் ஏன் மூடும்? ஃபேன் நின்றிருக்கிறது, பார்ப்பவர் ‘ஃபேன் போய்விட்டது’ என்கிறார். உண்மையில் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

கூலன்ட் குறைந்து சுவிட்சின் முனை காற்றில் தொங்கினாலும், கூலன்டை மாற்றியபோது காற்று அடைத்துக்கொண்டாலும், வாட்டர் பம்ப் தள்ளாமல் போனாலும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: எஞ்சின் கொதிக்கிறது, ஃபேன் ஓடவில்லை. இந்த நிலையில் கைச்சுவிட்ச் பொருத்தினால் என்ன நடக்கும்? ஃபேன் சத்தமாக ஓடும். குளிர்ந்துகிடக்கும் ரேடியேட்டரின் மீது காற்று வீசிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு அந்தச் சத்தம் ஓர் ஆறுதல். எஞ்சினுக்கோ எந்த உதவியும் இல்லை. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போவதும் சிலிண்டர் ஹெட் வளைவதும் இப்படித்தான். அதற்குப் பிறகு வரும் செலவோடு ஒப்பிட்டால் தெர்மல் சுவிட்சின் விலை ஒரு பொருட்டே அல்ல.

தானியங்கி ஃபேனுக்கு இன்னொரு பயனும் உண்டு. நான் அதை மிகவும் மதிக்கிறேன். நாள்தோறும் ஒரே சாலையில் ஓட்டுபவருக்கு ஃபேன் எந்த இடத்தில் தொடங்கும், எவ்வளவு நேரம் ஓடி நிற்கும் என்பது காதுக்குப் பழகிவிடும். சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது ஃபேன் ஓடித்தான் ஆக வேண்டும். காலை ஆறு மணிக்குக் காலியான சாலையிலும் அது ஓடினால் ஏதோ சரியில்லை. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறும் பூச்சியும் அடைத்திருக்கலாம், கூலன்ட் குறைந்துகொண்டிருக்கலாம், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்காமல் போயிருக்கலாம். அழுத்தம் முக்கியம்: தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும், நல்ல மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தில் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. இந்தச் சிறு கோளாறுகள் எல்லாம் முள் ஏறுவதற்கு முன்பே ஃபேனின் ஓட்ட நேரத்தில் தெரிந்துவிடும். நாமே போட்டு நாமே அணைக்கும் ஃபேனில் இந்தச் செய்தி கிடைக்காது. நண்பரின் வண்டியில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். அவர் ஊருக்குள் நுழைந்ததும் சுவிட்சைப் போட்டு, வீட்டு வாசலில் அணைக்கிறார். அவருடைய ரேடியேட்டர் இன்று எப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்த அளவு வண்டிகளின் ஃபேன் மூன்று, நான்கு ஆம்பியர் இழுக்கும். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது விதி. 55 வாட் ஹாலஜன் பல்பு என்றால் அதற்கும் நாலரை ஆம்பியர். ஐட்லிங்கில் சிறு வண்டியின் சார்ஜிங் பலவீனமாகவே இருக்கும். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்துகொள்ள, நெரிசலில் மணிக்கணக்கில் ஓடும் ஃபேன் பேட்டரியைக் கரைக்கும். தானியங்கி ஃபேன் விட்டுவிட்டு ஓடுவதால் இடையில் பேட்டரி கொஞ்சம் தேறுகிறது. எல்.இ.டி. ஹெட்லைட் உள்ள வண்டியில் இந்த வாதத்துக்கு வலு குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஃபேன் வாங்கிப் பொருத்துவது, தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது என்று வேறு யோசனைகளும் வரும். பழைய ஃபேன் அளவில் பொருந்தினாலும் சுழலும் திசையையும் இழுக்கும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் ஃபேன் முன்பக்கக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டும். ஒயர்கள் இடம் மாறினால் எதிர்த்திசையில் ஊதும். ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு மெல்லிய தாளைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்கிறதா, பறக்கிறதா என்பதில் தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தெர்மல் சுவிட்சை மாற்றுவதிலும் கவனம் வேண்டும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் பல சுவிட்சுகள் கிடைக்கும். மரையின் அளவோடு அது மூடும் சூட்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் உடலிலேயே பொறித்திருப்பார்கள். கம்பெனி பாகத்துக்கும் வெளிப் பாகத்துக்கும் விலையில் வேறுபாடு இருந்தாலும், இந்த ஒரு பொருளில் நான் கம்பெனி பாகத்தையே வாங்கினேன். வாங்கியதைச் சோதிக்க நினைப்பவர்கள் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் முக்குவார்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால், 100க்கு மேல் மூடும் நல்ல சுவிட்சும் அதில் செத்ததாகவே தெரியும். எண்ணெயில் வெப்பமானியோடு சோதிப்பதே சரி. ஒற்றை ஒயர் சுவிட்சில் மரைக்கு டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றக் கூடாது. அதற்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சுவிட்சை மாற்றும்போது கூலன்ட் வடியும் என்பதால், அதோடு புதிய கூலன்டையும் மாற்றிவிடுவது நல்லது. அடர்கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கலக்க வேண்டும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவத்தை விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரேடியேட்டரின் குறுகிய குழாய்களிலும் அதே படிவம் ஒட்டும். ஊற்றிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, அளவு இறங்கினால் நிரப்பி, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்க்கும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவராதீர்கள்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். இப்போது வரும் எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகள் பலவற்றில் தனித் தெர்மல் சுவிட்ச் கிடையாது. எஞ்சினில் உள்ள சென்சார் சொல்வதைக் கேட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வே ரிலே மூலம் ஃபேனை ஓட்டுகிறது. அங்கே நான் மேலே சொன்ன ஒயரை இணைக்கும் சோதனையைச் செய்யாதீர்கள். பழுது எது என்பதை ஸ்கேனர் வைத்துப் பார்ப்பவரிடம் விடுவதே நல்லது. அத்தகைய வண்டியை நான் நெடுநாள் வைத்திருந்ததில்லை. அதனால் அவற்றில் சென்சாரும் ரிலேயும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதில் என் சொல்லுக்கு எடை குறைவு.

கைச்சுவிட்சை நான் முழுமையாக ஒதுக்கவில்லை. கொல்லிமலை ஏற்றத்தில் பாதி வழியில் தெர்மல் சுவிட்ச் போனால் உதிரிபாகம் கிடைக்கும்வரை அதுதான் துணை. வைப்பதானால், தெர்மல் சுவிட்சை வெட்டி எறிந்துவிட்டு வைக்காதீர்கள்; அதற்கு இணையாக, இரண்டில் எது மூடினாலும் ஃபேன் ஓடும்படி வையுங்கள். மின்சாரத்தைச் சாவிக்குப் பின்னால் இருந்து எடுத்தால், வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்ததும் ஃபேனும் நிற்கும். ஃபேனின் முழு மின்சாரமும் சின்னச் சுவிட்ச் வழியாக ஓடாதபடி நடுவில் ஒரு ரிலே வேண்டும், தனி ஃப்யூஸும் வேண்டும். ஹேண்டில் இருபுறமும் முழுதாகத் திரும்பும்போது ஒயர் இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.