பின்பால் பெட்டிக்கு 'ஃபீட்பேக் கிட்' வாங்கப் போகிறீர்களா? என் 31,000 ரூபாய் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்றவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் என்னென்ன அனுப்பினார், எப்படி மாட்டினேன் என்பதை விடாமல் எழுதுகிறேன். வீட்டில் விர்ச்சுவல் பின்பால் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நாலு பேராவது தப்பிக்கட்டும். தெரியாதவர்களுக்கு: குண்டை ஃபிளிப்பர் என்ற துடுப்பால் அடித்து ஆடும் பின்பால் மேஜையை, மரப்பெட்டிக்குள் டிவியில் ஓட்டுவதுதான் விர்ச்சுவல் பின்பால். அந்த அடியையும் அதிர்வையும் கைக்குத் தரும் சாமான்கள்தான் ஃபீட்பேக் கிட்.

என் பெட்டி போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. 18 மில்லிமீட்டர் பிளைவுட், படுக்கையில் 43 அங்குல டிவி, தலைமாட்டில் நிமிர்த்தி 32 அங்குல டிவி, ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டர். "பீரோவைப் படுக்கப் போட்டு கால் வச்ச மாதிரி இருக்கு சார்" என்றார் ஆசாரி. விஷுவல் பின்பால் இலவச மென்பொருள், அதனால் செலவெல்லாம் மரத்துக்கும் டிவிக்கும்தான். படம் பிரமாதமாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் குறை தெரிந்தது. சத்தம்.

நிஜ மேஜையில் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு மரத்தின் மேல் உருளுகிறது. பொத்தானை அழுத்தினால் 50 வோல்ட் சோலனாய்டு (மின்காந்தச் சுருள்) ஒன்று ஃபிளிப்பரை இழுத்து அடிக்கிறது. அந்த அடி காதுக்கு வருவதற்குள் உள்ளங்கைக்கு வந்துவிடும். என் பெட்டியில் டிவி ஸ்பீக்கரிலிருந்து 'டிக்' என்று ஒன்று வந்தது. கேரம் போர்டை மொபைலில் ஆடுகிற மாதிரி.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எஸ்எஸ்எஃப் என்கிற சரவுண்ட் சவுண்ட் ஃபீட்பேக். எக்சைட்டர் என்று கூம்பில்லாத ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. அதைப் பெட்டியின் உள்பக்கம் நான்கு மூலையிலும் பொருத்தினால் பலகையே ஸ்பீக்கராகிவிடும். 7.1, அதாவது எட்டு சேனல் உள்ள சவுண்ட் கார்டில் முன் சேனல் பாட்டுக்கும் பேச்சுக்கும், பக்கச் சேனல் நாம் நிற்கும் பக்கத்து எக்சைட்டர்களுக்கு, பின் சேனல் எதிர்ப்பக்கத்துக்கு. குண்டு மேலே ஏறினால் அதிர்வும் நம் கையை விட்டு விலகிப் போகும். இன்னொரு வழி, நிஜமான இரும்பையே தட்ட வைப்பது. காண்டாக்டர் தெரியும்தானே? பம்ப்செட் ஸ்டார்ட்டருக்குள் 'டப்' என்று விழுமே, அது. ஃபிளிப்பருக்கு இரண்டு, பம்பருக்கு (குண்டு பட்டால் அதைத் தட்டிவிடும் தூண்) மூன்று என்று பெட்டிக்குள் வைத்துவிட்டால், எது எப்போது அடிக்க வேண்டும் என்பதை டைரக்ட் அவுட்புட் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு இரண்டுமே வேண்டும் என்று ஆசை. ஒயரிங் அறிவு குறைவு. அந்த நேரம் பார்த்து ஒரு டெலிகிராம் குழுவில் ஒருவர் 40 வினாடி வீடியோ போட்டார். பெட்டி, விளக்கு, ஃபிளிப்பர் அடிக்கிற அடி. ஹெட்போனில் கேட்டபோதே உடம்பு சிலிர்த்தது. நாலு எக்சைட்டர், இரண்டு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 7.1 யூஎஸ்பி சவுண்ட் கார்டு, எட்டு காண்டாக்டர், கன்ட்ரோலர் போர்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்த்து 31,000. பாதி முன்பணம், மீதி பார்சல் போடுவதற்கு முன். இரண்டையும் யூபிஐயில் அனுப்பினேன். என் புத்தியை நானே நொந்துகொள்ள வேண்டிய இடம் இது.

பார்சல் வந்தது, மாட்டினேன். முதல் நாள் குண்டு எங்கே உருண்டாலும் நான்கு மூலையிலும் ஒரே சத்தம். கேட்டதற்கு, "டிரைவர் போடணும் அண்ணா" என்று ஒரு ஃபைல் அனுப்பினார். போட்டதும் திரையில் எட்டு ஸ்பீக்கர் படம் அழகாக வட்டமிட்டது. சத்தம் மட்டும் மாறவில்லை. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ஸ்பீக்கர் ஸ்பீக்கராக டெஸ்ட் செய்து பார்த்தேன். 'பின் இடது' அடித்தால் எல்லா மூலையும் பேசுகிறது. சவுண்ட் கார்டு டப்பாவின் நான்கு திருகைக் கழற்றினேன். உள்ளே சிஎம்108 சிப். ஸ்டீரியோவுக்கு மட்டுமான சிப் அது. 'விர்ச்சுவல் 7.1' என்று அதை விற்பார்கள், ஹெட்போனில் காதை ஏமாற்றத்தான் அது ஆகும். வெளியே தெரிந்த நாலு ஜாக்கும் உள்ளே ஒன்றோடு ஒன்று ஒயரால் கோத்திருந்தன.

இதில் என் மானம் போன இடம் வேறு. கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு, சாம்பல் என்று ஜாக்குகள் வரிசையாக இருக்கின்றன. கறுப்பு பின் சேனல், சாம்பல் பக்கச் சேனல். மதர்போர்டிலேயே 7.1 சும்மா கிடந்திருக்கிறது. எட்டு வருடமாக அதில் தூசிதான் உட்கார்ந்திருந்தது.

எக்சைட்டரில் '40 வாட், 4 ஓம்' என்று ஸ்டிக்கர். 4 ஓம் காயில் மல்டிமீட்டரில் நாலுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். இவை நான்கும் 7.3 காட்டின, அதாவது 8 ஓம். ஆம்பில் '50+50 வாட்' என்று எழுதியிருந்தது, கூட வந்ததோ 12 வோல்ட் அடாப்டர். 12 வோல்ட்டில் 8 ஓமுக்குச் சிதையாமல் 9 வாட்டுக்கு மேல் கொடுக்க வழியே இல்லை. அதிர்வு பூனை நடப்பது போல் வந்ததற்குக் காரணம் இதுதான். ஒரு எக்சைட்டர் கழன்று விழுந்தது மட்டும் அவர் தப்பில்லை. சென்னை வெயிலில் இரட்டைப் பக்க டேப்பை நம்பினேன், ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும்.

இதுவரை நடந்தது பண நஷ்டம். காண்டாக்டர் விஷயம் அப்படியல்ல, வீடு தீப்பிடித்திருக்கும்.

முதல் இரண்டு நாள் காண்டாக்டர்கள் நன்றாகவே அடித்தன. பம்பர் பட்டால் 'டப்'. நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், அவருக்கு நன்றி கூடச் சொன்னேன். மூன்றாம் நாள் இரவு குண்டை இடது ஃபிளிப்பரில் பிடித்து நிறுத்திவிட்டு, அடுத்து எங்கே அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து என் மனைவி, "மிக்ஸி காயில் போயிடுச்சா?" என்று கேட்டாள். மிக்ஸி ஓடவே இல்லை. பெட்டியின் முன்கதவைத் திறந்தால் புகை. ஒரு காண்டாக்டரின் பிளாஸ்டிக் இளகி உப்பியிருந்தது. கன்ட்ரோலர் போர்டில் ஒரு சிப் நடுவில் பிளந்திருந்தது.

மறுநாள் அம்பத்தூரில் பேனல் போர்டு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. '24 வோல்ட் டிசி' என்ற ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பினார். அது மெதுவாக உரிந்து வந்தது. அடியில், காயிலிலேயே அச்சடித்திருந்தது: 24 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். "டிசிக்கு ஏதுங்க ஹெர்ட்ஸ்?" என்றார். திருகுகளைத் திருப்பிக் காட்டினார், ஒவ்வொன்றிலும் பழைய ஸ்க்ரூடிரைவர் தழும்பு. பழைய பேனலிலிருந்து கழற்றிய சாமான்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசி காயிலில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதன் தூண்டல்தான் (மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம்), கம்பியின் மின்தடை சொற்பம். அதில் டிசி கொடுத்தால் அந்தச் சொற்பத் தடை மட்டும்தான் மிச்சம். என்னிடம் வந்தவை 15 ஓம். 24 வோல்ட்டில் 1.6 ஆம்பியர், 38 வாட் சூடு. அதே அளவுள்ள உண்மையான டிசி காயில் மூன்று நாலு வாட்தான் இழுக்கும், மல்டிமீட்டரில் 150 ஓமுக்கு அந்தப் பக்கம் காட்டும். பம்பர் கண் சிமிட்டும் நேரம்தான் இழுக்கும் என்பதால் அந்தக் காயில்கள் பிழைத்தன. விரலை எடுக்காமல் பிடித்த ஃபிளிப்பர் காயில் வெந்துவிட்டது.

பிளந்த சிப் யூஎல்என்2803, காயில்களை ஆன் ஆஃப் செய்வது அதுதான். ஒரு சேனலுக்கு 500 மில்லிஆம்பியர்தான் அதன் எல்லை. அதற்கு நான் அறியாமல் மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன். போதாததற்கு, காயில் அணையும்போது திரும்பி அடிக்கிற வோல்ட்டேஜைத் தாங்கும் டயோடு பற்றி முன்பே கேட்டிருந்தேன். "சிப்புக்குள்ளயே டயோடு இருக்கு ப்ரோ" என்றார். பொய் இல்லை, இருக்கிறது. ஆனால் சிப்பின் பத்தாவது காலை (பின்) காயிலின் பாசிட்டிவ் சப்ளையோடு சேர்த்தால்தான் அது வேலை செய்யும். என் போர்டில் பத்தாவது கால் எங்கும் போகாமல் அந்தரத்தில் நின்றது. சிப்பைக் கொன்றது இரண்டில் எது என்று கேட்டால், எது வேண்டுமானாலும் போதும்.

போன் செய்தேன். பணம் கொடுக்கும் வரை 'அண்ணா', கொடுத்த பிறகு 'ப்ரோ', ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும் 'சார்'. "நீங்க தப்பா ஒயரிங் பண்ணிட்டீங்க சார், வாரண்டி கிடையாது." ஸ்டிக்கர் உரிகிற வீடியோவை அனுப்பினேன். 6,000 ரூபாய் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு பார்சலே அனுப்பாமல் மறைந்துவிட்டால் அது வேறு கதை, உடனே இணைய மோசடி உதவி எண் 1930க்குப் போன் போட வேண்டும்.

பெட்டி இப்போது ஓடுகிறது. மதர்போர்டின் சாம்பல், கறுப்பு ஜாக்குகளிலிருந்து நாலு நல்ல 4 ஓம் எக்சைட்டர்கள், 24 வோல்ட் சப்ளையில் ஆம்ப். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கடைக்காரர் முன்னாலேயே மல்டிமீட்டரை வைத்து அளந்துதான் வாங்கினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. காண்டாக்டர் ஃபிளிப்பருக்கு மட்டும் இரண்டு, அசல் டிசி காயில், ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். சப்ளை லைனில் ஒரு ஃபியூஸும் போட்டிருக்கிறேன்.

அந்த வீடியோவைப் போன வாரம் மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அவளுக்கு ஒன்பது வயது. "அப்பா, அந்த அங்கிள் ரெண்டு தடவைதான் அமுக்கினாரு, சத்தம் மூணு தடவை வருது" என்றாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. வேறேதோ நிஜ மேஜையின் சத்தத்தை மேலே ஒட்டியிருக்கிறார். அதே வீடியோ இப்போது வேறு பெயரில், 36,000 ரூபாய் விலையோடு சுற்றுகிறது. உங்கள் கண்ணில் பட்டால் 14ஆவது வினாடியில் எண்ணிப் பாருங்கள்.