அன்றே வாங்குவதா, ஒரு வாரம் கழித்தா?

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பைக் ஷோரூமுக்குள் நுழைகிறோம். சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்ததும் மனசு கையெழுத்துப் போட்டுவிடுகிறது. அன்றே வாங்கி ஓட்டிக்கொண்டு வருவது தனி சந்தோஷம். ரொம்ப நாள் ஆசைப்பட்ட வண்டி, கையில் முழுப் பணமும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம்.

கடனில் என்றால்தான் எனக்குப் பயம். ‘ஃப்ளாட் வட்டி, 10 சதவீதம்தான்’ என்பார்கள். அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் ஓடும். 3 வருடத் தவணையில், குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம்! மேசையில் சாவி இருக்கும்போது யார் இந்தக் கணக்கைப் போடுவார்கள்?

ஒரு வாரம் தள்ளிப்போட்டால் வீட்டில் உட்கார்ந்து போடலாம். இன்சூரன்ஸை வெளியேயும் விசாரிக்கலாம். அப்புறம் இன்னொரு முறை போய் ஓட்டலாம். முக்கியமாக, இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நுனிக்கால் மட்டும் தரையில் பட்டால் 180 கிலோ வண்டி லேசில் நகராது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது சீட்டின் உயரம் தெரிவதே இல்லை.

சலுகை இன்றோடு முடிகிறது என்றாலும், நான் அந்த ஒரு வாரத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.